உள்பக்கத் தையல்

கட்டைப்பை நிறையப் பனியன். மேசைமேல் கொட்டி எண்ணினேன், பதினொன்று. ஆறு வயசுப் பையன் போடுகிற அளவு. பதினொன்றிலும் பின்கழுத்தில் விரல் நுழைகிற மாதிரி ஓட்டை. எலி கடித்திருக்குமோ என்று பார்த்தால், கத்தரி வெட்டு.

“லேபிளை வெட்டப் போயி துணியும் சேர்ந்து வந்துருதுங்க்கா. இனிமே வாங்குறதை எல்லாம் உங்ககிட்டயே கொண்டாந்துர்றேன், நீங்களே பிரிச்சுக் குடுத்துருங்க” என்றது அந்த அம்மிணி.

வெளியே ஸ்கூட்டியின் முன்பக்கம் பையன் நின்றிருந்தான். மார்கழி மாசம், காலை எட்டு மணி, பனி இன்னும் விலகவில்லை. மேலுக்குத் துணி இல்லாமல் வெற்றுடம்போடு நின்றான். இது நடந்தது 2011இல். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் நாலு மெஷின் போட்டு நானும் என் வீட்டுக்காரரும் பவர் டேபிள் நடத்திக்கொண்டிருந்தோம். சொந்தமாக ஒரு உருப்படி தைத்துக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. கம்பெனி கட்டிங் அனுப்பும், நாங்கள் டஜன் கணக்கில் தைத்துத் திருப்புவோம். லேபிள் பிரிக்கச் சொல்லி ஒருத்தர் வந்தது எனக்கே வேடிக்கையாக இருந்தது. காரணம், லேபிள் வைத்தே வளர்ந்த கை இது.

1989இல் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை வாங்கி மடித்து அடுக்குகிற வேலை. பிறகு ஓவர்லாக், அப்புறம் பேட்லாக். நடுவில் மூன்று வருசம் சிங்கர் மெஷினில் லேபிள் வைக்கிற வேலை மட்டும். ஒன்றரை ஷிப்டு ஓட்டினால் ஆயிரம் லேபிளுக்கு மேல் போகும். பின்கழுத்தில் மெயின் லேபிள், அதன் அடியில் சைஸ் லேபிள், இடுப்புப் பக்கத் தையலில் வாஷ்கேர் லேபிள். ஜெர்மன்காரனுக்கு ஒரு மொழி, பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு மொழி என்று வாஷ்கேர் சில சமயம் நாலு இலை, அஞ்சு இலை இருக்கும். அது எந்தப் பிள்ளையின் விலாவில் போய் உரசும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நேராக இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு பனியனையும் அன்றைக்குத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் லேபிளை வெட்டியிருந்தாள். ஆனால் தையலுக்குள் சிக்கிய அடிப்பகுதி அப்படியே நின்றது. நைலான் லேபிளைச் சூட்டுக் கத்தியால்தான் துண்டு போடுவார்கள். ஓரம் உருகி இறுகிவிடும். மீன்முள் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முழு லேபிள் இருந்தால்கூட ஓரளவு மடங்கிக் கொடுக்கும், வெட்டிய மிச்சம் மடங்காது, நேரே குத்தும். வெட்டி வெட்டி அந்தத் தாய் பையனுக்கு இன்னும் கஷ்டத்தைத்தான் கூட்டியிருக்கிறாள், பாவம்.

கட்டைவிரலால் தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபது வருசம் துணி தள்ளிய விரல், காய்த்துப்போய்க் கிடக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன், லேசாகத் தெரிந்தது. ஏதோ தோன்றி மேலுதட்டில் வைத்து இழுத்தேன். சுரீரென்றது. அன்றிலிருந்து இன்றுவரை என் செக்கிங் அதுதான். பிள்ளைகளுக்குத் தைக்கிற எந்தத் துணியும் என் உதட்டைத் தாண்டித்தான் வெளியே போகும்.

பிரித்தேன், பதினொன்றுக்கும் கழுத்தில் உள்பட்டி வைத்துத் தைத்தேன். காசு வாங்கவில்லை. பத்து நாளில் அந்தப் பெண் திரும்பி வந்தது. “இப்பக் கழுத்தைப் பிடிச்சு இழுக்கறதில்லைங்க்கா. தோள்பட்டையைப் பிடிச்சு இழுக்கறான்.”

கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமே. அடம், செல்லம், நம்ம காலத்தில் இப்படியா இருந்தோம் என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது. பையன் அன்றைக்கு உள்ளே வந்திருந்தான். பனியனைப் பின்பக்கம் முன்னாலும், உள்பக்கம் வெளியிலுமாக மாட்டியிருந்தான். யாரும் போட்டுவிடவில்லையாம், அவனே கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டானாம். அப்படிப் போட்டுக்கொண்டு நிம்மதியாக நின்றான்.

அவன் தோளை ஒரு நிமிசம் பார்த்தேன். ஓவர்லாக் தையல் வெளியே தெரிந்தது. நாலு நூல் சேர்ந்து பின்னிய வரப்பு. இவ்வளவு காலமும் நான் வெளிப்பக்கத்துக்குத் தைத்திருக்கிறேன். உள்பக்கம் தோல் மேல் படுகிறது என்பதை ஆறு வயசுப் பையன், அதுவும் இன்னும் ஒரு வார்த்தை பேசாத பையன், துணியைத் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொடுத்தான்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் திட்டத் திட்ட ஒரு பனியனை முழுக்கப் பிரித்தேன். தோளையும் பக்கத்தையும் பேட்லாக்கில் போட்டேன். ஓவர்லாக் இரண்டு ஓரத்தையும் நிமிர்த்தி வைத்துப் பின்னும், அதனால் வரப்பு எழும். பேட்லாக்கில் ஓரம் படுத்துக்கொள்ளும். அடியில் ஓடுகிற நூலுக்குச் சாதா பாலியஸ்டர் போடாமல், ஜட்டிக்கும் நீச்சல் உடைக்கும் போடுகிற பஞ்சு போன்ற நைலான் நூலைப் போட்டேன். துணியும் மாற்றினேன். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கிற கடையில் இன்டர்லாக் கிடைக்கும். அதற்கு உள், வெளி என்று கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே முகம். பயோ வாஷ் பண்ணியதாகப் பார்த்து எடுத்தால் பிசிறும் இருக்காது. உதட்டில் இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் நிற்கவில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு, தையலை வெளிப்பக்கமே வைத்துவிட்டேன். கம்பெனியில் இப்படித் தைத்தால் மாஸ்டர் மூஞ்சியில் எறிவார்.

பையன் அதைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் கழற்றவில்லையாம். துவைக்கக்கூட விடவில்லை. அப்புறம் அதே மாதிரி ஆறு தைத்தேன். எங்கள் வீட்டில் அவனுக்கு லேபிள் பையன் என்று பேர். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

லேபிள் எல்லோரையும்தான் உறுத்துகிறது. 2002இல் அமெரிக்காவின் ஹேன்ஸ் கம்பெனி லேபிள் இல்லாத பனியன் என்று விளம்பரம் செய்தே விற்றது. கழுத்தில் நேரடியாக அச்சடிக்கிற பழக்கம் திருப்பூருக்கும் வந்தது. சாதாரண ஆளுக்கு அது ஒரு சௌகரியம். லேபிள் பையனுக்கு அது சட்டை போடுவதா, வெற்றுடம்பா என்கிற கேள்வி.

அவனைப் பார்த்துவந்த தெரபிஸ்ட் ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டது. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெண், ஆக்குபேஷனல் தெரபி படித்தது. முதலில் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இரண்டாவது டீயிலேயே அது கண்ணு ஆகிவிட்டது, நான் அக்கா ஆகிவிட்டேன்.

“அவன் அடம் பிடிக்கலைங்க்கா. அவனுக்கு அது நிஜமாவே குத்துது” என்றாள்.

எனக்குத் தெரிந்த ஐந்து புலனோடு இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொன்னாள். ஒன்று, காதுக்குள் இருந்து உடம்பைச் சாயாமல் பிடிக்கிறது. இன்னொன்று தசையிலும் மூட்டிலும் இருக்கிறது, கை எங்கே கால் எங்கே என்று பார்க்காமலே தெரியவைக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தப் புலன்களில் சிலது அளவுக்கு மேல் திறந்திருக்கும், சிலது பாதி மூடியிருக்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். கழுத்தில் நூல் பட்டால் துடிக்கிறவனே மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நசுங்கிக் கிடக்க ஆசைப்படுவான். இதை முறையாக எழுதிவைத்தவர் கலிபோர்னியாவில் இருந்த ஜீன் ஏர்ஸ் என்ற தெரபிஸ்ட். அவர் புத்தகம் 1972இல் வந்தது. ஆட்டிசத்தை அடையாளம் காண அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கிற கையேட்டில், ஒலி, தொடுகை, வெளிச்சம் இவற்றுக்கு அதிகமாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது என்கிற குறி 2013 பதிப்பில்தான் ஏறியது. என்னிடம் லேபிள் பையன் வந்து அப்போது ஒன்றரை வருசம் ஆகியிருந்தது என்று கணக்குப் போட்டுச் சிரித்தோம்.

அவளிடம் எனக்குப் பிடித்தது, தன் தொழிலையே சந்தேகத்தோடு பேசுவாள். புலன் சார்ந்த தெரபிகளுக்கு ஆதாரம் குறைவாகத்தான் இருக்கிறது, பெற்றோரிடம் அதைச் சொல்லிவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் அறிக்கையே விட்டது என்பாள். “ஊஞ்சல் ஆடுனா பேச்சு வந்துரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க்கா. குத்தாத சட்டை போட்டா குத்தாது. அது மட்டும் உறுதி.”

அவள் அனுப்பி ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள். வாரம் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை. சனிக்கிழமை கம்பெனிக் கணக்கு முடித்துச் சம்பளம் போடுகிற நாள், மெஷின்கள் பாதிதான் ஓடும். அன்றைக்கு இவர்களை வரச்சொன்னேன்.

ஒரு பிள்ளைக்கு மூக்கு. எந்தத் துணியையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். புதுத்துணியில் ஒரு வாடை இருக்கும், சாயம், கஞ்சி, சாஃப்ட்னர், எல்லாம் கலந்தது. எங்களுக்கு அது தொழில் வாசனை, சோறு போடுகிற வாசனை. அவள் குமட்டுவாள். மூன்று தண்ணீர் அலசி வெயிலில் போட்டுக் கொடுத்தேன். ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி அலசினேன். கடைசியில்தான் பிடிபட்டது: மெஷின் எண்ணெய். ஊசிக்கம்பியிலிருந்து ஒரு பொட்டு துணியில் படும், கண்ணுக்குத் தெரியாது. அவளுக்காகத் தைப்பதற்கு முன்னால் கழிவுத்துணியில் பத்து நிமிசம் ஓட்டி எண்ணெயை வாங்கிவிட்டுத் தைத்தேன். முகர்ந்தாள், தோளில் போட்டுக்கொண்டாள். ஆனால் என் பக்கம் வரவில்லை. தலையில் மல்லிகை. அன்றிலிருந்து சனிக்கிழமை பூ வைப்பதில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் சனீஸ்வரனுக்கு ஏதோ வேண்டுதல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொருத்தனுக்கு யூனிபார்ம். டெரிகாட்டன் சட்டை, கழுத்துக்குள் பக்ரம் வைத்த விறைப்பான காலர், மேல்பட்டன் போட்டே ஆகவேண்டும். பையன் தினமும் காலையில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வேனில் ஏறினான். பருத்திப் பனியன் துணியில் அதே நிறத்துக்குத் தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், காலர் இல்லையாம், ஒரே மாதிரி இருக்கவேண்டுமாம். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, தேவைக்கேற்ற மாற்றம் செய்துதர வேண்டும் என்று தெரபிஸ்ட் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் நான் வேறு வழி பார்த்துவிட்டேன். அவர்கள் சட்டையையே எடுத்து, பக்ரத்தை உருவிவிட்டு, காலரின் உள்முகத்தை மட்டும் பிரித்து இன்டர்லாக் வைத்தேன். சட்டைக்குள்ளே முழு லைனிங், தையல் எல்லாம் இரண்டு துணிக்கும் நடுவில் புதைந்திருக்கும். மேல்பட்டனுக்குப் பின்னால் அரை அங்குலம் எலாஸ்டிக் வளையம்: பார்த்தால் பட்டன் போட்ட மாதிரி இருக்கும், கழுத்து நெரியாது. வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சட்டத்தைச் சொல்லிச் செய்யவைத்திருக்க வேண்டியதை ஏமாற்றிச் செய்தோமே என்று தெரபிஸ்ட்டுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. பையன் வாந்தி எடுக்காமல் போனான்.

இனி போர்வைக் கதை. இதில் நான் பட்ட அவமானமும் உண்டு, செய்த பாவமும் உண்டு.

கனமான போர்வை வேண்டும் என்று கேட்டாள் தெரபிஸ்ட். உடம்பு முழுக்க ஒரே சீராக எடை அழுத்தினால் சிலருக்கு அடங்கும் என்றாள். வெளிநாட்டிலிருந்து வருவது ஏழாயிரம், எட்டாயிரம் சொன்னார்கள். நான் வீட்டில் இருந்த கம்பை நிரப்பித் தைத்தேன். எடையும் சரி, மொறுமொறுவென்று சத்தமும் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை. பிள்ளை ராத்திரியில் நனைத்துவிட்டான். அந்த வீட்டுப் பாட்டி அலசி நிழலில் காயப்போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் போன். “ஏனுங் அம்மிணி, போர்வை மொளச்சிருக்குதுங்க.” போய்ப் பார்த்தால் தையல் ஓட்டைகள் வழியாக வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் பைப் கம்பெனியில் வாங்கிய பிளாஸ்டிக் குருணைக்கு மாறினேன். அதிலும் புதுக்குருணைதான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய குருணை மலிவு, ஆனால் நாற்றம் போகாது, மூக்குக்காரி வீட்டுத் தெருவுக்கே கொண்டுபோக முடியாது.

கணக்கு இப்படி. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கத்தில் இருக்கிற அளவு. அது வழக்கம்தான், விதி இல்லை என்று தெரபிஸ்ட் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இருபது கிலோப் பிள்ளைக்கு இரண்டு கிலோ. மூன்றடிக்கு நாலடி போர்வை, நாலு அங்குலக் கட்டம் போட்டால் ஒன்பதுக்குப் பன்னிரண்டு, நூற்றெட்டுக் கட்டம். இரண்டு மடிப்புத் துணியே நானூறு கிராம் போய்விடும். மிச்சம் ஆயிரத்து அறுநூறை நூற்றெட்டால் வகுத்தால் கட்டத்துக்குப் பதினைந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. என்னிடம் என் மகனுக்குப் பால் ஊட்டிய பெரிய பாலாடை இருந்தது. தராசில் வைத்துப் பார்த்தேன்: தலைதட்டி ஒரு பாலாடை சரியாகப் பதினைந்து கிராம். மூக்கு இருப்பதால் சிந்தாமல் ஊற்றவும் தோது.

முதலில் மேலிருந்து கீழாக ஒன்பது குழாய் தைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பாலாடை ஊற்றி, அடியில் தட்டி இறக்கி, குறுக்கே ஒரு தையல். மறுபடி ஒன்பது பாலாடை, மறுபடி குறுக்குத் தையல். இப்படிப் பன்னிரண்டு தடவை. ஏழாவது வரிசை வரும்போது போர்வை மடியை இழுக்கும், ஒரு ஆள் தாங்கிப் பிடிக்கவேண்டும். ஒரு குருணை தையல் பாதையில் வந்துவிட்டால் டக்கென்று ஊசி முறியும். முறிந்த முனை கையில் கிடைக்கும்வரை மேற்கொண்டு ஓட்டமாட்டேன். பிள்ளை மேல் போடுகிற துணியில் ஊசி முனை இருக்கக்கூடாது. ஒரு முறை முனை கிடைக்காமல் போர்வை முழுவதையும் பிரித்துக் கொட்டியிருக்கிறேன்.

இதனால் பிள்ளைகள் தூங்கினார்களா? 2014இல் பிரிட்டனில் 67 பிள்ளைகளிடம் கனப் போர்வையையும் சாதாப் போர்வையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். தூங்கிய நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிள்ளைகளும் பெற்றோரும் கனப் போர்வையைத்தான் விரும்பினார்கள். தெரபிஸ்ட் இதைச் சொன்னபோது எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவளோ, பிடித்திருக்கிறது என்பதே ஒரு பதில்தானே என்றாள். என் அனுபவத்திலும் சிலர் போர்வையைத் தூங்க வைத்துக்கொள்ளவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் அடியில் புகுந்து கிடந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சிலர் தொடவே மாட்டார்கள். சித்திரை வெயிலில் திருப்பூரில் இரண்டு கிலோப் போர்வை யாருக்குத்தான் வேண்டும்? அவர்களுக்கு மடியில் மட்டும் போட்டுக்கொள்கிற சின்னத் தலையணை தைப்பேன். எடை வைத்த ஜாக்கெட்டும் தைத்துப் பார்த்தோம், ஆய்வுகளிலும் அதற்குப் பெரிதாகப் பலன் சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகளும் கழற்றி எறிந்தார்கள், விட்டுவிட்டோம்.

பாவம் என்றேனே, அது ஒரு விடுதியிலிருந்து வந்த ஆர்டர். எந்த ஊர், என்ன பேர் என்பது வேண்டாம். பெரிய பையன்களுக்கு ஆறு கிலோவில் நாலு போர்வை, நாலு மூலையிலும் நாடா வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டிலிலிருந்து நழுவுகிறது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. பருத்தி நாடா, முக்கால் அங்குலம், அடியில் குறுக்குத் தையல் போட்டு உறுதியாக வைத்துக் கொடுத்தேன். முன்பணம் கொடுத்தார்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டேன்.

ஏழெட்டு மாசம் கழித்து ஒரு போர்வை ரிப்பேருக்கு வந்தது. ஓரம் பிரிந்திருந்தது. நாடாவைக் கையில் எடுத்தேன். நழுவாமல் கட்டிவைத்த நாடா சும்மா சுருங்கியிருக்கும். இது அப்படி இல்லை. முடிச்சு விழுந்த இடம் கல் மாதிரி இறுகிப் பளபளத்தது, அதற்கு மேலே ஒரு பக்கமாக இழை நீண்டு மெலிந்திருந்தது. உள்ளேயிருந்து இழுத்திருக்கிறார்கள். பல ராத்திரி, ஒரே திசையில். நாடா எதனால் இப்படித் தேயும் என்று தையல்காரிக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

தெரபிஸ்ட்டிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 2008இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயசுப் பையனைப் பள்ளியில் அமைதிப்படுத்துவதற்காக இந்த மாதிரிப் போர்வையில் சுற்றிவைத்தார்கள் என்றும், அவன் மூச்சு அடங்கி இறந்துபோனான் என்றும் சொன்னாள். அப்புறம் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு பலகை, நடுவில் ஒரு ஆள் மண்டியிட்டுக் குனிகிற இடம். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பெண்மணி தனக்காகச் செய்துகொண்டது. அவருக்கு ஆட்டிசம், பிறகு கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனவர். அரிசோனாவில் அத்தை பண்ணையில், ஊசி போட மாடுகளைப் பலகைகளுக்கு நடுவில் அணைத்து நிறுத்துவதையும், அதில் சில மாடுகள் அடங்குவதையும் பார்த்துவிட்டு, பதினெட்டு வயசில் தனக்கு ஒன்று செய்துகொண்டார். அப்போதெல்லாம் ஆட்கள் கட்டிப்பிடித்தால் அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் இந்தப் பலகைக்குள் அவரே போய்க் குனிந்து, எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை அவரே கைப்பிடியால் கூட்டிக் குறைத்துக்கொண்டார்.

“கைப்பிடி யார் கையில இருக்குன்னு பாருங்க்கா” என்றாள் தெரபிஸ்ட்.

போர்வையிலிருந்து நாலு நாடாவையும் பிரித்தேன். ஓரத்தைத் தைத்தேன். மிச்ச மூன்றையும் ரிப்பேர் என்று சொல்லி வரவழைத்து அவற்றிலும் பிரித்தேன். பில் போடவில்லை. அவர்கள் பிறகு வரவில்லை. வேறு எங்காவது நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதும் தெரியும். யாரிடமாவது புகார் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. தெரபிஸ்ட் சொன்னாளா என்று நான் கேட்கவும் இல்லை. அதன்பின் போர்வை கேட்டு வருகிற எல்லோரிடமும் கடையிலேயே பிள்ளையைப் படுக்கவைத்து மேலே போடச் சொல்வேன். அவனே ஒரு கையால் இழுத்து எடுத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் எடையைக் குறைப்பேன். தலைக்கு மேல் போகக்கூடாது, தானாக எடுக்க வலு இல்லாத பிள்ளைக்குத் தைக்கவே மாட்டேன். இதற்காக இரண்டு மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

திருப்பூருக்கு மிகவும் கைவந்தது லைக்ரா. நாலு பக்கமும் இழுபடுகிற துணியில் தலையணை உறை மாதிரி பெரிய பை தைத்தால், பிள்ளை உள்ளே புகுந்து கையையும் காலையும் நீட்டித் தள்ளுவான், துணி அவனைத் திருப்பித் தள்ளும். அதையே இரண்டு மடிப்பாகக் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டால் தூளி. பத்து வயசுப் பிள்ளை தூளியில் கிடக்கலாமா என்று ஒரு அப்பா கூச்சப்பட்டார். அவரையே ஏறிப் படுக்கச் சொன்னேன். ஏறினவர் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்போதெல்லாம் சென்சரி என்று ஒட்டிவிட்டால் இரண்டு மடங்கு விலை. எங்கள் தெருவிலேயே விற்கிறார்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் முதலில் வீட்டில் பாட்டி சேலை இருக்கிறதா என்று கேட்பேன். இருபது வருசம் துவைத்த சுங்குடியின் மென்மையைப் புதுத்துணியில் எந்த வாஷும் கொண்டுவராது. பல பிள்ளைகளுக்கு அதில் ஒரு முழம் கிழித்துக் கையில் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. வியாபாரம் கெட்டுப்போகிறது என்று என் மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

மகன்தான் இப்போது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறான். மூன்று வருசத்துக்கு முன்னால் பழைய கிளட்ச் மோட்டார்களைக் கழற்றிவிட்டு சர்வோ போட்டான். பழைய மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும், தைத்தாலும் தைக்காவிட்டாலும். சர்வோ பெடலை மிதித்தால்தான் சுற்றும், மற்ற நேரம் மூச்சுவிடாது. கரண்டு பில் பாதியாகக் குறைந்தது. எனக்குத்தான் கடைக்குள் காது அடைத்த மாதிரி இருந்தது.

சர்வோ போட்ட அந்த வாரச் சனிக்கிழமை லேபிள் பையன் வந்தான். இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம், மீசை வந்துவிட்டது. இன்றைக்கும் தையல் வெளியே தெரிகிற சட்டைதான். பேச்சு அதிகம் இல்லை, போனில் எழுத்தைத் தொட்டுக் காட்டுவான். வந்தால் நேரே பேட்லாக் மெஷினுக்குப் போவான், பலகையில் இரண்டு உள்ளங்கையையும் பதிப்பான், கண்ணை மூடிக்கொள்வான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கழுத்தில் ஒரு நூலைத் தாங்காதவன் அந்த அதிர்வை அரைமணி நேரம் வாங்கிக்கொண்டு நிற்பான். அன்றைக்கும் கையை வைத்தான். ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அடுத்த மெஷின், அதற்கடுத்த மெஷின். குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தான். அப்புறம் தன் காதைத் தானே அடிக்க ஆரம்பித்தான். அவன் அம்மா வந்து கையைப் பிடிக்க, அது இன்னும் மோசமாயிற்று.

என் மகன் பழைய இரும்புக் கடைக்குப் போட வைத்திருந்த மோட்டார்களில் ஒன்றை எடுத்துவந்து அன்று சாயங்காலமே மாட்டினான். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் மாதா மாதம் பில் வரும்போது, “அந்த ஒண்ணையும் மாத்திரலாம்மா” என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, தைக்க ஒரு பீஸ் இல்லாவிட்டாலும், அந்த மெஷினுக்குச் சுவிட்ச் போடுகிறவன் அவன்தான்.